காவோலைக்குள் தொங்கும் சூல் வௌவால்கள்

பனையில் காவோலை கழிக்கும்போது உள்ளிருந்து நான்கைந்து வௌவால்கள் சிதறிப் பறந்தால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. பெரும்பாலும் அவை குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால்கள். ஒன்றின் எடை ஏறத்தாழ 50 கிராம். பனங்காவோலை, நெட்டிலிங்கக் கிளை, கூந்தல்பனையின் காய்க்குலை என்று இடம் பார்த்து, ஆண் வௌவால் தண்டுகளைக் கடித்துக் குடைபோல் ஒரு கூடாரம் அமைக்கும். பெண்கள் அதில் கூட்டமாக அடையும். கார்த்திகை, மார்கழியில் கலைக்கப்படும் கூட்டத்தில் பல பெண்கள் சூலோடு இருக்கும். வயிற்றைப் பார்த்தால் தெரியாது. கரு அவ்வளவு சிறியது.

இந்த இனம் ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொரு குட்டியாக ஈனும். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வட இந்தியாவில் கவனித்தபடி, அக்டோபர் வாக்கில் தொடங்கும் முதல் சூல் சுமார் 150 நாள் நீள்கிறது. கோடையில் வரும் இரண்டாவது சூலோ சுமார் 125 நாளில் முடிந்துவிடுகிறது. முதல் சூலில் கரு கருப்பைச் சுவரில் பதிந்த பிறகு, நவம்பர், டிசம்பரில் அதன் வளர்ச்சி மந்தமாகிவிடுவதே காரணம்.

இது நோயல்ல, கருச்சிதைவின் அறிகுறியும் அல்ல. அந்த வாரங்களில் தாயின் உடல் கொழுப்பைச் சேர்த்து வைக்கிறது. இரத்தத்தில் சூலைக் காக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் குறைந்திருக்கிறது. குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் தாமாகச் செல்லுக்குள் நுழைவதில்லை, கடத்திப் புரதங்கள்தான் உள்ளே இழுத்துவிட வேண்டும். அந்த வரத்து குறைந்திருப்பதால் கரு உயிரோடு இருக்கிறது, ஆனால் வளர்வதில்லை. கொழுப்புத் திசு சுரக்கும் அடிபோனெக்டின் என்ற ஹார்மோனை இந்தக் கட்டத்தில் வௌவால்களுக்குச் செலுத்திப் பார்த்தபோது புரோஜெஸ்டிரோன் ஏறியது, கருவுக்குள் சத்து போவது கூடியது, வளர்ச்சியும் வேகம் பிடித்தது. குளிர்நாட்டுப் பூச்சியுண்ணி வௌவால்களில் உடல் குளிர்ந்து சூல் நீள்வதுண்டு. இங்கே நடப்பது குளிர் செய்யும் வேலையல்ல, சத்துக் கணக்கு.

குட்டி பிறக்கும்போதே தாயின் எடையில் கால்வாசியை நெருங்கிவிடும். அதற்குப் பால் கொடுப்பது சூலைவிடச் செலவு மிகுந்த வேலை. மார்கழியில் சேரும் கொழுப்பு பின்னால் வரும் அந்தச் செலவுக்கும் சேர்த்துத்தான். பகலில் திரும்பத் திரும்ப விரட்டினால், பட்டாசு வெடித்துக் கலைத்தால், அந்தச் சேமிப்பு வீண் பறத்தலில் கரைகிறது.

ஆகவே காவோலை கழிக்குமுன் கீழிருந்து ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். தரையில் மென்று துப்பிய பழச்சக்கைகள் கிடந்தால் மேலே கூடாரம் இருக்கலாம். அந்த மட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழிக்கலாம். பிப்ரவரி, மார்ச்சிலும் ஜூன், ஜூலையிலும் இன்னும் கவனம் வேண்டும். தாயின் மார்பில் குட்டி ஒட்டியிருக்கும் காலம் அது.

விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடவே கூடாது. தடித்த துணியால் மூடி எடுங்கள். வயிற்றை அமுக்கிச் சூல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில், தொங்கப் பிடிமானமாக உட்புறம் ஒரு துணியைக் கட்டி, நிழலில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். பசும்பால் ஊற்றாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் போய் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். காயம் சிறியது என்று வீட்டிலேயே மஞ்சள் வைத்துக் கட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.