மருந்து கொடுத்துத் தூங்கவைத்த மூளை உண்மையைச் சொல்லுமா?

பினாங்கு மாநிலத்தின் பிறை நகரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மூன்று வயது மகனுக்கு இரண்டு முறை வலிப்பு வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் தீவிலுள்ள ஜார்ஜ்டவுனில் ஈ.ஈ.ஜி., அதாவது மூளையின் மின்னலைகளைப் பதியும் சோதனை, எடுக்க நாள் குறித்திருக்கிறார்கள். பையன் ஒரு நிமிடம் சும்மா இருக்கமாட்டான், தேவைப்பட்டால் தூக்க மருந்து கொடுப்போம் என்று தாதி சொன்னாராம். “மருந்து பிள்ளைக்கு ஆகுமா? மருந்தால் வரும் தூக்கத்தில் எடுத்தால் அது அவன் மூளையா, மருந்தின் வேலையா?” முதல் கேள்வி எல்லாரும் கேட்பது. இரண்டாவதைக் கேட்டதற்காகவே அந்த அம்மாவைப் பாராட்ட வேண்டும்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனித மூளையின் மின்னலைகளை 1924-இல் முதன்முதலில் பதிவு செய்தவர் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். தலைத்தோலில் ஒட்டும் இருபது சொச்சம் மின்முனைகள் உள்ளேயிருந்து வருவதை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். “பிள்ளை தலையில் கரண்ட் வைக்கிறார்கள்” என்று பக்கத்து வீட்டில் சொன்னால் நம்பாதீர்கள். வருவதும் சில பத்து மைக்ரோவோல்ட்தான். பையன் வீறிட்டு அழுதால் தசைகளின் மின்சாரம் அதை மூழ்கடித்துவிடும். தலையில் எண்ணெய் இருந்தாலும் பதிவு கெடும். முதல் நாள் இரவே ஷாம்பு போட்டு அலசி, எண்ணெய் வைக்காமல் கூட்டிப் போங்கள். நெற்றியிலும் மின்முனை ஒட்டுவார்கள், ஆகவே திருநீறு அன்றைக்கு வேண்டாம். சாமி கோபித்துக்கொள்ளாது.

அசையாமல் இருப்பதற்காக மட்டும் தூங்கவைப்பதில்லை. வலிப்பு நோயின் கூர்முனை அலைகள் பல பிள்ளைகளுக்கு விழிப்பில் ஒளிந்திருந்து தூக்கத்தில்தான் தலைகாட்டும். ஏன் என்பதில்தான் எனக்குப் பிடித்த சங்கதி இருக்கிறது.

மூளையின் நடுவே தாலமஸ் என்ற பகுதி உண்டு. கண்ணும் காதும் அனுப்பும் செய்திகளை அதன் செல்கள் மேலே உள்ள புறணிக்கு, அதாவது மூளையின் வெளி அடுக்குக்கு, கடத்துகின்றன. அதைச் சுற்றி ஓர் உறைபோல மெல்லிய செல் அடுக்கு. தூக்கம் வரும்போது மூளைத்தண்டிலிருந்து வரும் விழிப்பு ரசாயனங்கள் குறைய, இந்த அடுக்கு உள்ளேயுள்ள செல்களை அடக்கத் தொடங்குகிறது. அடக்கினால் அவை வாயை மூடிக்கொள்ளும் என்றுதானே நினைப்போம்? நடப்பது நேர் எதிர். அந்தச் செல்களின் சவ்வில் ஒருவகைக் கால்சியம் வழிகள் இருக்கின்றன. விழிப்பில் அவை செயலிழந்து கிடக்கும். செல்லின் மின்னழுத்தம் நன்றாகக் கீழே இறங்கிச் சற்று நேரம் அங்கேயே இருந்தால்தான் மறுபடி திறக்கத் தயாராகும். ஆக, அடக்குவதே அவற்றைத் தயார்ப்படுத்துகிறது! அடக்கம் தளர்ந்ததும் கால்சியம் உள்ளே பாய்கிறது, செல் படபடவென்று வெடிக்கிறது. அந்த வெடிப்பு புறணிக்குப் போகும், போகிற வழியில் ஒரு கிளையால் அந்த உறை அடுக்கையும் தட்டிவிடும். அது திரும்ப அடக்கும், திரும்ப வெடிக்கும். வினாடிக்குச் சுமார் 11 முதல் 16 முறை, அரை வினாடியிலிருந்து இரண்டு வினாடி வரை இந்தச் சுற்று ஓடி ஓய்கிறது. நடுவில் பருத்து இரு முனையும் மெலிந்த இந்த அலைக்கொத்துக்கு ஸ்பிண்டில் என்று பெயர்.

தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் ஆளுக்கொன்று பேசினால் தூரத்தில் வெறும் இரைச்சல்தான். எல்லாரும் சேர்ந்து “வேல் வேல்” என்றால் சாலை முனைவரை கேட்கும். ஈ.ஈ.ஜி.க்கும் செல்கள் சேர்ந்து சொல்வதுதான் கேட்கும். இப்படி லட்சக்கணக்கான செல்கள் ஒரே தாளத்துக்கு வரும்போது, புறணியில் எளிதில் தூண்டப்படும் கோளாறான இடமும் அந்தத் தாளத்தில் இழுபட்டுக் கூர்முனையாகக் கிளம்புகிறது.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருவோம். பதில் மருந்தைப் பொறுத்தது. மிடாசோலம் வகை மருந்துகள் வலிப்பையே நிறுத்துபவை. அவற்றைக் கொடுத்தால் தேடிவந்த கூர்முனையும் மறையலாம், இல்லாத வேக அலைகளும் பதிவில் சேரும். குளோரல் ஹைட்ரேட் என்ற தூக்க மருந்து ஈ.ஈ.ஜி.யைவிட மூத்தது. 1832-இல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் தயாரித்தார், 1869-இல் மருந்தியலாளர் லீப்ரைக் அதன் தூக்க குணத்தைச் சொன்னார். வழக்கமான அளவில் அது அலைகளை அவ்வளவாக மாற்றுவதில்லை. ஆனால் குமட்டும் சுவை, உடம்பிலும் நெடுநேரம் தங்கும். டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மருந்து புதியது, மூக்கில் விடலாம். மூளைத்தண்டில் நோர்அட்ரினலின் என்ற விழிப்பு ரசாயனத்தைச் சுரக்கும் ஒரு சின்ன முடிச்சை அடக்குகிறது. இயற்கைத் தூக்கத்திலும் அந்த முடிச்சு அடங்கும், அதனால்தான் இந்த மருந்திலும் ஸ்பிண்டில் வருகிறது. இதயத்துடிப்பு குறையும் என்பதால் அதைக் கவனிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இரவுத் தூக்கத்தைக் குறைத்துக் கூட்டிவருவதும், உடம்பே சுரக்கும் தூக்க ஹார்மோனான மெலட்டோனினைக் கொடுப்பதும் இருக்கின்றன. கஷ்டப்பட்டு விழிக்கவைத்த பிள்ளை பினாங்குப் பாலத்தின் 13.5 கிலோமீட்டரில் கண்ணயர்ந்துவிட்டால் எல்லாம் வீண். பின்சீட்டில் ஒருவர் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். என்னைக் கேட்டால், புது ஸ்கேன் இயந்திரத்துக்கு ரிப்பன் வெட்டுகிற பணத்தில் ஒரு துளியை ஓர் இருட்டறைக்கும் பொறுமையான ஒரு டெக்னீஷியனுக்கும் கொடுத்தால் பாதி மருந்து மிச்சமாகும். அதற்கு யாரும் ரிப்பன் வெட்டமாட்டார்கள் என்பதுதான் சிக்கல்.

மருந்து ஆகுமா என்பதற்குப் பதில் பெரும்பாலும் தாதியர் கையில் இருக்கிறது. எடையை அன்றைக்கே நிறுப்பார்கள். குளோரல் ஹைட்ரேட் கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்றால் 12 கிலோ பிள்ளைக்கு 600, இதில் ஊகத்துக்கு இடமில்லை. குறட்டை, பெரிய டான்சில், சளி பற்றிக் கேட்பார்கள், மறைக்காதீர்கள். மயக்க மருந்துக்கு முன் வழக்கமான கணக்கு: சாப்பாடும் பால்மாவும் ஆறு மணி நேரம், தாய்ப்பால் நான்கு. மைலோ தண்ணீர்க் கணக்கில் வராது, அதில் பால் இருக்கிறது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி 1970-களில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி கொடுத்த வரம். ஆனால் மூச்சு நின்று சிறிது நேரம் கழித்துத்தான் அதில் எண் இறங்கும். அதனால்தான் நல்ல தாதி திரையைவிடப் பிள்ளையின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் ஆக்சிஜனும் சளி உறிஞ்சியும் தயாராக இருக்கும். இதே மருந்தை வீட்டிலேயே கொடுத்துக் கூட்டிவருவது எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்தே தெரியும்.

எடுத்து முடித்ததும் கிளம்ப அவசரப்படாதீர்கள். குளோரல் ஹைட்ரேட்டிலிருந்து உண்டாகும் தூக்கப் பொருள் பாதியாகக் குறையவே 8 முதல் 12 மணி நேரம் ஆகலாம். கார் சீட்டில் தலை முன்னால் கவிழ்ந்தால் மூச்சுக்குழாய் மடங்கும், ஆகவே திரும்பும்போதும் பின்சீட்டில் ஒருவர் வேண்டும். அன்று மாடிப்படி, சைக்கிள், நீச்சல் எதுவும் கூடாது. இன்னொன்று: ஏற்கெனவே வலிப்பு மருந்து குடிக்கிற பிள்ளையென்றால், வெறும் வயிறு என்பதற்காக அன்றைய வேளையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதை எப்போது, எவ்வளவு தண்ணீரோடு கொடுப்பது என்று முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.