துளைக்குப் பொருந்தினால் போதாது: பழைய ஸ்னோமொபைலின் முன் சஸ்பென்ஷன்

ஸ்னோமொபைலுக்குச் சக்கரம் கிடையாது. பின்னால் ஒரு அகலமான ரப்பர் பட்டை சுழன்று வண்டியைத் தள்ளும். முன்னால் இரண்டு ஸ்கீக்கள், அதாவது நுனி வளைந்த சறுக்குப் பலகைகள், பனியில் வழுக்கிக்கொண்டே வண்டியைத் திருப்பும். அந்த ஸ்கீக்களை உடம்போடு இணைக்கும் கம்பிகள், மூட்டுகள், ஸ்பிரிங்குகள் எல்லாம் சேர்ந்ததுதான் முன் சஸ்பென்ஷன். மின்னசோட்டா, விஸ்கான்சின், கியூபெக், ஒன்டாரியோ பக்கம் 1980களிலும் 90களிலும் வாங்கிய வண்டிகள் இன்னும் வீட்டுக் கொட்டகைகளில் இருக்கின்றன, ஓடவும் செய்கின்றன. அவற்றின் இன்ஜினுக்குப் பிஸ்டனோ சீலோ தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். முன் சஸ்பென்ஷனுக்கு ஒரு சாமான் வேண்டுமென்றால்தான் தலைவலி ஆரம்பிக்கிறது.

இதற்குக் காரணம் உண்டு. பனிக்கு அடியில் மறைந்திருக்கும் மரக்கட்டையும் பாறையும் முதலில் இடிப்பது ஸ்கீயைத்தான். அதனால் இந்தச் சாமான்கள் மற்றவற்றைவிட அதிகம் வளைகின்றன. ஒரு கம்பெனிக்குள்ளேயே மாடலுக்கு மாடல் நீளமும் கோணமும் மாறுகின்றன. சரி, துளை ஒத்துப்போகும் ஒன்றை மாட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். மாட்டலாம். வண்டி நேராகப் போகுமா என்பது அடுத்த கேள்வி.

முதலில் உங்கள் வண்டியின் சஸ்பென்ஷன் எந்தக் குடும்பம் என்று பார்க்க வேண்டும். ஜோசஃப் அர்மான் பொம்பார்டியே கியூபெக்கின் வால்கூர் ஊரில் 1959இல் ஸ்கீ-டூவைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்து வண்டிகளில் முன்னால் இருந்தது லாரிக்கு அடியில் பார்க்கும் அதே லீஃப் ஸ்பிரிங்தான், அளவில் சின்னது. ஸ்கீயின் மேல் ஒரு வளைந்த எஃகுப் பட்டை, அதன் மேல் வண்டி. கொஞ்சம்தான் ஏறி இறங்கும், மிச்ச அதிர்ச்சி ஓட்டுபவரின் முதுகெலும்புக்கு. 1970களின் கடைசியில் மின்னசோட்டாவின் ரோசோ ஊரைச் சேர்ந்த போலாரிஸ், பந்தய வண்டிகளில் இரண்டு ஸ்கீக்களும் தனித்தனியே ஏறி இறங்கும் ஏற்பாட்டைப் பொருத்தியது. 80களில் இண்டி என்ற பெயரில் அது எல்லோருக்குமான வண்டியாக வந்தது. யமஹா 1984இல் விட்ட ஃபேசரில் மோட்டார்சைக்கிளின் முன் ஃபோர்க் மாதிரி, குழாய்க்குள் குழாய் நுழையும் ஏற்பாடு. பிறகு கார்களில் இருப்பதுபோல மேலொன்று கீழொன்றாக இரண்டு ஏ-ஆர்ம் (A எழுத்து வடிவக் கை) கொண்ட வடிவம் மெல்ல மெல்ல எல்லாக் கம்பெனிகளிலும் இடம்பிடித்தது.

இண்டி வகையையே எடுத்துக்கொள்வோம். பழைய வண்டிகளில் அதிகம் தென்படுவது அதுதான், ஜியோமெட்ரி விளையாட்டும் அதில் நன்றாகத் தெரியும். ஸ்கீக்கு மேலே செங்குத்தாக ஒரு தண்டு, அதுதான் ஸ்பிண்டில். ஸ்பிண்டிலைத் தாங்கி நிற்பது டிரெய்லிங் ஆர்ம் என்ற நீண்ட கை. இந்தக் கையின் பின்முனை வண்டியின் பக்கவாட்டில், கால் வைக்கும் இடத்துக்கு அருகே ஒரு மூட்டில் மாட்டியிருக்கும். மேடு வந்தால் முன்முனை உயரும், பின்முனை அச்சாக நின்றுவிடும். ஆனால் இந்தக் கை மட்டும் இருந்தால் ஸ்கீ உள்ளேயும் வெளியேயும் அலைபாயும். அதைப் பிடித்து வைக்க, வண்டியின் நடு மூக்கில் இருக்கும் பல்க்ஹெட் என்ற சட்டத்திலிருந்து குறுக்காக இரண்டு ரேடியஸ் ராடுகள் வரும். ஒன்று ஸ்பிண்டிலைத் தாங்கும் முன்முனையின் மேல்பக்கத்தைப் பிடிக்கும், மற்றது கீழ்ப்பக்கத்தை. ஸ்கீ செங்குத்தாக நிற்பதும் சாய்ந்து நிற்பதும் இந்த இரண்டின் நீளத்தைப் பொறுத்தது. மூன்றாவதாக ஹேண்டில்பாரிலிருந்து வரும் டை ராடு, ஸ்பிண்டிலின் தலையில் உள்ள ஸ்டியரிங் கையைத் தள்ளியும் இழுத்தும் ஸ்கீயைத் திருப்பும்.

ரேடியஸ் ராடு, டை ராடு இரண்டுமே ஒரு முனை வண்டியிலும் மறுமுனை ஸ்கீ பக்கத்திலும் இருக்கிற கம்பிகள். ஸ்கீ ஏறி இறங்கும்போது இரண்டின் வெளிமுனையும் வட்டத்தின் ஒரு துண்டை வரைகின்றன. ஊஞ்சலின் இரண்டு கயிறும் ஒரே நீளமாக இருந்தால் பலகை எவ்வளவு ஆடினாலும் சாயாது, ஒன்று குட்டையானால் ஒவ்வொரு ஆட்டத்திலும் கோணும். இங்கேயும் அதே கணக்குதான். இரண்டு கம்பிகளும் ஒரே மாதிரி வட்டத்தை வரைந்தால் ஸ்கீ மேடு பள்ளம் எதிலும் நேராக நிற்கும். வட்டங்கள் வேறுபட்டால், ஹேண்டில்பாரை நீங்கள் தொடாமலேயே ஒவ்வொரு மேட்டிலும் ஸ்கீ தானாகத் திரும்பும். மெக்கானிக்குகள் இதை பம்ப் ஸ்டியர் என்பார்கள்.

கொஞ்சம் எண் போட்டுப் பார்க்கலாம். ரேடியஸ் ராடு 30 செ.மீ., டை ராடும் 30 செ.மீ. என்று வையுங்கள். வளைந்த ஸ்பிண்டிலுக்குப் பதிலாக வேறொரு மாடலின் ஸ்பிண்டில் கிடைக்கிறது. தண்டின் விட்டம் அதே, துளைகளும் அதே. அதன் ஸ்டியரிங் கை மட்டும் 2 செ.மீ. வெளியே தள்ளியிருக்கிறது. டை ராடின் மரையை வெளியே சுற்றி நீளத்தை 32 ஆக்கினால் ஸ்கீ நேராகிவிடும். வேலை முடிந்ததுபோலத்தான் இருக்கும். இப்போது மட்டத்தில் இருக்கும் கம்பிகள் 10 செ.மீ. மேலே ஏறட்டும். 30 செ.மீ. கம்பியின் முனை சுமார் 17.16 மி.மீ. உள்ளே நகரும், 32 செ.மீ. கம்பியின் முனை சுமார் 16.03 மி.மீ. மட்டுமே. வித்தியாசம் சுமார் 1.13 மி.மீ. ஸ்டியரிங் கை 10 செ.மீ., ஸ்பிண்டிலிலிருந்து ஸ்கீயின் நுனி 50 செ.மீ. என்றால், நுனியில் இது ஐந்து மடங்காகி கிட்டத்தட்ட 5.7 மி.மீ. ஆகிறது. நிற்கும் வண்டியில் இரு ஸ்கீக்களுக்கும் வைக்கும் மொத்த அலைன்மென்டே (ஸ்கீக்களின் முன்பக்க இடைவெளிக்கும் பின்பக்க இடைவெளிக்கும் உள்ள வித்தியாசம்) பல வண்டிகளில் 3 முதல் 6 மி.மீ. வரைதான். மேட்டுக்கு மேடு அது குலைந்தால் வண்டி பாம்பு மாதிரிதான் போகும். ஒரு கூடுதல் ஆபத்தும் இருக்கிறது: மரையை அளவுக்கு மேல் வெளியே சுற்றினால் உள்ளே பிடிப்பு போதாது. மரையின் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு நீளமாவது உள்ளே இருக்கட்டும்.

இதே ஐந்து மடங்குக் கணக்கு தேய்மானத்துக்கும் பொருந்தும். ஒரு மூட்டில் அரை மில்லிமீட்டர் ஆட்டம் என்பது ஸ்கீ நுனியில் 2.5 மி.மீ. டை ராடின் இரு முனை, ஸ்பிண்டில் புஷ் (தண்டு சுழலும் உறை), ஸ்டியரிங்கின் நடு இணைப்பு என்று நான்கு இடத்தில் அரை அரையாகச் சேர்ந்தால் நுனி ஒரு சென்டிமீட்டர் அலையும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, ஸ்கீ நுனியைப் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். இன்னொருவர் ஒவ்வொரு மூட்டாக விரல் வைத்துப் பார்க்கட்டும், எது 'டக்' என்கிறது என்று விரலுக்கே தெரிந்துவிடும். வண்டி அலைகிறது என்றதும் முதலில் புது ஷாக் அப்சார்பர் வாங்குபவர்கள் நிறையப் பேர். என்னைக் கேட்டால் அது தலைகீழ் வரிசை. புஷ்களும் ராடு எண்டுகளும் (கம்பி முனையில் இருக்கும் உருண்டை மூட்டுகள்) மலிவு. அவை ஒரே மாடலுக்கென்று செய்யப்பட்டவையும் அல்ல, பெரும்பாலும் பொது அளவுகள். கியூபெக்கின் கிம்பெக்ஸ் போன்ற மாற்று உதிரிபாகக் கம்பெனிகளிடம் இவை கிடைக்கும். அவற்றை மாற்றியதுமே பாதி வண்டிகள் குணமாகிவிடும்.

புஷ் தேய்வதற்கு ஓட்டம் மட்டும் காரணமில்லை. பனி உருகிய நீர் புஷ்ஷுக்கும் தண்டுக்கும் நடுவே புகுந்து இரவில் உறைகிறது. நீர் பனிக்கட்டியாகும்போது கனஅளவில் ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும். அந்த அழுத்தத்தில் கிரீஸ் வெளியே தள்ளப்படும். மறுநாள் உருகும்போது அந்த இடத்தில் நீர் மட்டும் மிஞ்சும், அப்புறம் துருதான்.

போல்ட் வாங்கும்போது ஒரு கண் வேண்டும். பழைய அமெரிக்க வண்டிகளில் பல இடங்களில் இஞ்ச் அளவு, யமஹாவில் மில்லிமீட்டர். 3/8 இஞ்ச் என்பது 9.5 மி.மீ. சொச்சம். 10 மி.மீ. துளையில் அது சுகமாக உள்ளே போகும், முறுக்கினால் இறுகவும் செய்யும். மேலே சொன்ன அரை மில்லிமீட்டர் ஆட்டம் புத்தம் புது போல்ட்டிலேயே வந்து உட்கார்ந்துவிடும்.

ஸ்பிரிங் விஷயத்தில் கண்ணை நம்பவே முடியாது. கம்பிச்சுருளின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், சுருளின் விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் இறங்கும், சுற்றுகளின் எண்ணிக்கை கூடக்கூடக் குறையும். 8 மி.மீ. எஃகுக் கம்பி, 60 மி.மீ. சுருள், வேலை செய்யும் சுற்று 10 என்றால் விறைப்பு ஏறத்தாழ மில்லிமீட்டருக்கு 18.7 நியூட்டன். அமெரிக்கப் பட்டியல்களின் கணக்கில் இஞ்சுக்கு 107 பவுண்டு. கம்பி மட்டும் 9 மி.மீ. ஆனால் அது 30 நியூட்டன், அதாவது 60 சதவீதம் கூடுதல். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். பழைய சாமான் கடையில் ஸ்பிரிங் பார்க்கப் போகும்போது வெர்னியர் காலிப்பரைக் கையோடு கொண்டுபோவது இதற்காகத்தான். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு அளக்க வேண்டும், பெயின்ட்டின் தடிமனும் நான்காம் அடுக்கில் பொய் சொல்லும்.

ஷாக்குக்கு மூன்று அளவு போதும்: முழுதும் நீட்டியபோது கண்ணிலிருந்து (போல்ட் நுழையும் வளையம்) கண்ணுக்கு நீளம், முழுதும் அமுக்கியபோது நீளம், மாட்டும் கண்ணின் அகலமும் துளையும். நீட்டிய நீளம் கூடிவிட்டால் ஸ்கீ அளவுக்கு மீறித் தொங்கும், ராடு எண்டுகள் தங்கள் கோணத்தின் எல்லையில் முட்டி முறியும். அமுக்கிய நீளம் கூடிவிட்டால் பெரிய குழியில் ஷாக்கே முட்டுக்கட்டையாகி, அடி நேராகப் பல்க்ஹெட்டுக்குப் போகும். திறந்து பழுது பார்க்கும் வகை ஷாக் என்றால் சீலையும் எண்ணெயையும் மாற்றி நைட்ரஜன் ஏற்றிக்கொள்ளலாம், தேட வேண்டிய அவசியமே இல்லை.

வளைந்த ரேடியஸ் ராடை நிமிர்த்திப் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். நேரான குழாய் முனைகளில் வரும் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். லேசாக வில்லாகிவிட்ட குழாயில் அதே அமுக்கம் வளைவை இன்னும் கூட்டத்தான் செய்யும். வளைத்து நிமிர்த்திய எஃகு அந்த இடத்தில் களைத்தும் போயிருக்கும், கடுங்குளிரில் சாதாரண எஃகு வளைவதைவிட உடைவதற்கே அதிகம் இடம் கொடுக்கும். இன்னொன்று, இடியை வாங்கி முதலில் ராடு வளைவது வண்டிக்கு நல்லதே. ராடு வளைந்தால் ஒரு ராடோடு போகும், பல்க்ஹெட் வளைந்தால் ரிவிட்டுகளைத் துளைத்தெடுத்து மூக்கையே பிரிக்க வேண்டும். அதனால் அசலைவிடக் கனமான ராடை 'இது உடையாது' என்று யாராவது விற்றால் நான் யோசிப்பேன். பழைய ராடு வாங்கும்போது தட்டையான கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள், நடுவில் வெளிச்சம் தெரிந்து மறைந்தால் அது வளைந்தது.

இனி தேடும் வேலை. எல்லாவற்றுக்கும் முதல் வண்டி எண். பின்பட்டைக்கு மேலே உள்ள உலோகக் கூட்டில், பெரும்பாலும் வலப்பக்கம், அது பொறிக்கப்பட்டிருக்கும். மாடல் ஆண்டும் வாங்கிய ஆண்டும் ஒன்றல்ல, 1995 மாடல் 1994 இலையுதிர் காலத்திலேயே கடைக்கு வந்திருக்கும். எண்ணை வைத்து அந்த மாடலின் பாகப் படத்தை எடுத்து, வேண்டிய சாமானின் பாக எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 'இனி கிடைக்காது' என்று வந்தால் அதோடு விடக் கூடாது. கம்பெனிகள் ஒரு பாகத்தைத் திருத்தும்போது பழைய எண்ணை மூடிவிட்டுப் புது எண் கொடுக்கும், அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போனால் சில சமயம் இன்றும் விற்கும் ஒரு எண்ணில் போய் நிற்கும். இன்னொரு வழி, அதே பாக எண் வேறு எந்தெந்த மாடல்களில் வருகிறது என்று தேடுவது. இண்டி வரிசையில் இது நன்றாகப் பலிக்கும், ஒரே அடிப்படை வடிவம் நீண்ட காலம் ஓடியது. ஆனால் அங்கேயும் ஸ்கீக்களுக்கு இடையிலான அகலம் மாறிய ஆண்டுகள் உண்டு, ராடு நீளமும் கூடவே மாறியிருக்கும். படத்தில் ஒன்றாகத் தெரிவதால் ஏமாற வேண்டாம், எண்தான் சாட்சி.

இடம் வலம் எப்போதும் வண்டியில் உட்கார்ந்தவரின் இடம் வலம். எதிரே நின்று பார்த்து ஆர்டர் கொடுத்தால் கண்ணாடிப் பிம்பம் வந்து சேரும்.

மின்னசோட்டாவின் நார்த் பிராஞ்ச் ஊரில் செப்டம்பர் தொடக்கத்தில் ஹே டேஸ் என்று ஒரு திருவிழா நடக்கிறது. புல்வெளியில் ஸ்னோமொபைல் பந்தயம், பக்கத்தில் பழைய உதிரிபாகச் சந்தை. அந்த மாதிரி இடத்தில் ஒற்றை டிரெய்லிங் ஆர்ம் தேடுவதைவிட, இன்ஜின் செத்துப்போன அதே மாடல் வண்டியை முழுதாக வாங்குவது பல நேரம் லாபம். இன்ஜினால் கைவிடப்பட்ட வண்டியின் முன்பக்கம் இடிபடாமல் இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்பிண்டில், ஸ்டியரிங் கை, டை ராடு, ரேடியஸ் ராடு எல்லாம் ஒரே வண்டியில் ஒன்றாக ஓடியவை என்பதால் அவற்றின் வட்டங்களும் ஏற்கெனவே ஒத்துப்போயிருக்கும். கழற்றும்போது ஸ்டியரிங் கையையும் ஸ்பிண்டில் தலையையும் சேர்த்து ஒரு கோடு கீறிவிடுங்கள். பல மாடல்களில் அந்த இணைப்பு பல் பல்லாக இருக்கும், சுற்றிலும் 36 பல் என்றால் ஒரு பல் தவறினாலே ஸ்கீ 10 பாகை திரும்பி நிற்கும்.