ஸ்பாம் அதிகமானால் ஸ்கோரைத் தொடாதீர்கள், முதலில் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம். சொந்தமாக லினக்ஸ் மெயில் சர்வர் வைத்திருக்கிறார்கள். ஒருநாள் காலையிலிருந்து வெளியே இருந்து வரும் மெயில்களில் ஒன்றுகூட உள்ளே வரவில்லை. ஜெர்மனியில் இருக்கும் பையர், ஷிப்பிங் ஏஜென்ட், ஆடிட்டர் என்று யார் அனுப்பினாலும் 554 என்ற மறுப்பும், அனுப்பியவரின் ஐபி ஸ்பாம்ஹவுஸ் (ஸ்பாம் அனுப்பும் ஐபிகளைப் பட்டியலிடும் அமைப்பு) பட்டியலில் இருப்பதாக ஒரு விளக்கமும் திரும்பிப் போயின. "ஸ்பாம்ஹவுஸ்காரங்க எல்லாரையும் பிளாக் பண்ணிட்டாங்க, அவங்களுக்கு ஒரு கம்ப்ளெயின்ட் எழுதுங்க" என்று உரிமையாளர் என்னிடம் கேட்டார்.

அந்த ஐபிகள் எந்தப் பட்டியலிலும் இல்லை. இன்டர்நெட் மெதுவாக இருக்கிறதென்று முந்தின நாள் மாலை யாரோ சர்வரின் டிஎன்எஸ் முகவரியை, அதாவது பெயர்களுக்கு ஐபி தேடித் தரும் சர்வரின் முகவரியை, கூகுளின் பொது முகவரியான 8.8.8.8 என்று மாற்றியிருக்கிறார்கள். கோளாறு அவ்வளவுதான்.

ஊரும் நிறுவனமும்தான் மாறுகின்றன, கோளாறு மாறுவதே இல்லை. இத்தனைக்கும் ஸ்பாம்ஹவுஸ் இதைத் தன் தளத்தில் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. சர்வரைப் பார்த்துக்கொள்பவர்கள் தயவுசெய்து ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள்.

பிளாக்லிஸ்ட் என்பது டிஎன்எஸ் வழியாகக் கேட்கும் ஒரு கேள்விதான். அனுப்புபவரின் ஐபியைத் தலைகீழாகப் போட்டு, பட்டியலின் பெயரைச் சேர்த்துக் கேட்கிறோம். 127.0.0.2 போன்ற பதில் வந்தால் பட்டியலில் இருக்கிறது, பதிலே இல்லையென்றால் இல்லை. ஆனால் கேள்வி கேட்பது யார் என்பது ஸ்பாம்ஹவுஸுக்கு எப்படித் தெரியும்? உங்கள் சர்வரின் ஐபி அங்கே தெரியாது, உங்களுக்காக டிஎன்எஸ்ஸில் கேட்டுச் சொல்லும் ரிசால்வரின் ஐபிதான் தெரியும். சிறிய அளவில் பயன்படுத்துபவர்களுக்கு மட்டுமே அந்தச் சேவை இலவசம். பொது ரிசால்வர் வழியாகப் போனால் உங்கள் கேள்வி ஊர் உலகத்தின் கேள்விகளோடு கலந்துவிடும், யார் எவ்வளவு கேட்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் 127.255.255.254 என்று பதில் வருகிறது. "பொது ரிசால்வர் வழியாக வந்திருக்கிறீர்கள், பதில் தர முடியாது" என்பது அதன் பொருள். கேள்விகள் அளவு மீறினால் 127.255.255.255. இரண்டுமே பிழைச் செய்திகள். அந்த ஐபி ஸ்பாம் அனுப்புகிறது என்ற தகவல் அவற்றில் இல்லை.

மெயிலை வாங்கும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதன் அமைப்புக் கோப்பில் ரிஜெக்ட் ஆர்பிஎல் கிளையன்ட் வரியில் பட்டியலின் பெயரை மட்டும் போட்டு விட்டுவிட்டால், எந்தப் பதில் வந்தாலும் அது மறுப்புதான். பெயருக்குப் பின்னால் =127.0.0.[2..11] என்று சேருங்கள். அந்தச் சின்ன வால் இல்லாததால்தான் ஒரு முழு நாள் மெயில் போனது. 554 நிரந்தர மறுப்பு என்பதால் அனுப்பிய சர்வர் மறுபடி முயலாது, போன மெயில் தானாகத் திரும்பி வராது. லாகில் 'நோகியூ ரிஜெக்ட்' என்று இருக்கும் வரிகளை எடுத்து, அனுப்பியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மறுபடி அனுப்பச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

இந்தக் கோளாறாவது சத்தம் போட்டுத் தெரிவிக்கிறது. மெயிலுக்கு மதிப்பெண் போட்டு ஸ்பாமைப் பிரிக்கும் ஸ்பாம்அசாசின் வைத்திருப்பவர்களுக்கு இதே தவறு சத்தமில்லாமல் நடக்கும். அது 127.255 பதில்களை அடையாளம் கண்டுகொள்ளும், மெயிலை மறுக்காது. ஆனால் அந்தச் சோதனைகளுக்கு மதிப்பெண்ணும் விழாது. மெயிலின் ஹெட்டரில் 'யூரிபிஎல் பிளாக்டு' போல 'பிளாக்டு' என்ற சொல் உள்ள ரூல் பெயர் வந்து நிற்கும், நிர்வாகி கவனிக்க வேண்டும் என்றே அதன் விளக்கம் சொல்லும். அந்த ஹெட்டரைத் திறந்து பார்ப்பவர்கள்தான் இல்லை. ஸ்பாம் கூடிக்கொண்டே போகும்.

அப்புறம் நடப்பதுதான் எனக்கு உண்மையிலேயே ஆற்றாமை. எத்தனை மதிப்பெண் வந்தால் ஸ்பாம் என்று முடிவுசெய்யும் அந்த ஸ்கோரைக் குறைப்பார்கள்.

ஸ்பாம்அசாசினின் இயல்பான வரம்பு 5. ரூல்களின் மதிப்பெண்கள் எல்லாம் அந்த 5-ஐ மனதில் வைத்துத்தான் நிர்ணயிக்கப்படுகின்றன. ஸ்பாம் வருகிறதென்று அதை 4 ஆக்குவார்கள், பிறகு 3. பாதி விடைத்தாள் திருத்தாமல் கிடக்கும்போது பாஸ் மார்க்கை மாற்றுவது போன்ற வேலை இது. பிளாக்லிஸ்ட் சோதனைகள் இயங்காத நிலையில் அப்பட்டமான ஸ்பாமும் 2, 3 தான் வாங்கும். பையரின் ஈஆர்பி மென்பொருள் அனுப்பும் பர்சேஸ் ஆர்டரும், முழுக்க எச்டிஎம்எல்லாக, படங்களோடு, எழுத்து குறைவாக இருப்பதால் அதே 2, 3 வாங்கும். இரண்டுக்கும் நடுவில் கோடு போட இடமே இல்லை. வரம்பை எங்கே வைத்தாலும் ஸ்பாம் கொஞ்சம் குறையும், ஆர்டரும் கொஞ்சம் காணாமல் போகும்.

இன்னொன்றும் உண்டு. போஸ்ட்ஃபிக்ஸுக்கும் ஸ்பாம்அசாசினுக்கும் நடுவில் நிற்கும் அமாவிஸ் வழியாக ஓட்டுபவர்கள் ஸ்பாம்அசாசினின் லோக்கல் டாட் சிஎஃப் கோப்பில் 5-ஐ 3 ஆக்கினால் எதுவுமே மாறாது. அமாவிஸ் அந்த எண்ணைப் பார்ப்பதில்லை, டேக்2, கில் என்று தன் கோப்பில் உள்ள வரம்புகளைத்தான் பார்க்கும். இது தெரியாமல் 3-ஐ 2 ஆக்கி வைத்திருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இன்னொரு ஸ்பாம் ஃபில்டரான ஆர்ஸ்பாம்டியில் கணக்கே வேறு: 4 வந்தால் கிரேலிஸ்ட் (தற்காலிக மறுப்பு), 6 வந்தால் ஹெட்டரில் ஸ்பாம் குறி, 15 வந்தால் மறுப்பு. ஒன்றின் எண்ணை இன்னொன்றில் கொண்டுபோய்ப் போடாதீர்கள். டிஎன்எஸ் பிரச்சினை மட்டும் எல்லாவற்றுக்கும் பொது.

ஸ்கோரைக் குறைத்தபின் ஆர்டர்கள் ஜங்க் ஃபோல்டருக்குப் போகும். உடனே வைட்லிஸ்ட், அதாவது சோதனையில்லாமல் அனுமதிக்கும் பட்டியல், தொடங்கும். முதலில் பையரின் டொமைன், பிறகு வங்கி, கடைசியில் "நம்ம மெயிலே நமக்கு ஜங்க்ல வருது" என்று சொந்த டொமைன். இதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஸ்பாம்அசாசினின் பழைய பதிப்புகளில் வைட்லிஸ்ட் ஃப்ரம், 4.0 முதல் வெல்கம்லிஸ்ட் ஃப்ரம். எந்தப் பெயரில் எழுதினாலும் அது மெயிலுக்கு -100 கொடுக்கும். அனுப்புநர் முகவரியை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். முதலாளியின் பெயரில், உங்கள் டொமைனில், "இந்தப் புதிய அக்கவுண்டுக்குப் பணம் அனுப்பவும்" என்று வரும் போலி மெயிலுக்கு நீங்களே கதவைத் திறந்து வைக்கிறீர்கள். நம்பிக்கையானவர்களை அனுமதித்தே ஆக வேண்டுமென்றால் ஃப்ரம் வேண்டாம், ஆத் என்று முடியும் வகையைப் பயன்படுத்துங்கள். அனுப்புநரின் டொமைன் உண்மையா என்று சோதிக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் சரியாக இருந்தால் மட்டுமே அது சலுகை தரும்.

சரி, டிஎன்எஸ்ஸை எப்படிச் சரிசெய்வது? மெயில் சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற ரிசால்வரை நிறுவுங்கள். சிறிய நிறுவனத்துக்கு அதன் இயல்பான அமைப்பே போதும். ஆனால் ஃபார்வர்டு எதுவும் வைக்காதீர்கள். அன்பவுண்டை நிறுவிவிட்டு அதிலிருந்து 8.8.8.8-க்கு ஃபார்வர்டு செய்தால் பழைய கதைதான். உபுண்டுவில் 127.0.0.53 என்று இருப்பதைப் பார்த்து "லோக்கல் ரிசால்வர்தானே இருக்கு" என்பார்கள். அது சிஸ்டம்டி ரிசால்வ்டு, கேள்வியை வாங்கி மேலே தள்ளிவிடும் இடைத்தரகர் மட்டுமே. கிளவுட் நிறுவனங்கள் தரும் ரிசால்வரும் பலர் பகிர்ந்துகொள்வதுதான், அதுவும் உதவாது.

டெபியனில் இன்னொரு பொறி. பல நிறுவல்களில் போஸ்ட்ஃபிக்ஸின் எஸ்எம்டிபி பகுதி குரூட் என்ற அடைத்த கோப்பகத்துக்குள் ஓடும், டிஎன்எஸ் முகவரி இருக்கும் ரிசால்வ் டாட் கான்ஃப் கோப்பின் தனிப்பிரதி ஒன்றை அங்கே வைத்திருக்கும். வெளியே மாற்றியபின் போஸ்ட்ஃபிக்ஸை மறுபடி தொடங்காவிட்டால் அது பழைய முகவரியையே கேட்டுக்கொண்டிருக்கும். "மாத்திட்டேன், ஆனாலும் சரியாகல" என்பவர்களில் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சோதிப்பது எளிது. ஸ்பாம்ஹவுஸின் ஜென் பட்டியலில் 2.0.0.127 என்று டிக் கட்டளையால் கேளுங்கள். 127.0.0.2, 127.0.0.4, 127.0.0.10 வந்தால் எல்லாம் சரி. 127.255 என்று தொடங்கினால் இன்னும் சரியாகவில்லை. சொந்த ரிசால்வர் வைத்தும் அப்படியே வந்தால், உங்கள் ஐபியின் ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபிக்கு உரிய பெயர்) விபிஎஸ் எனும் வாடகை சர்வர் தரும் நிறுவனத்தின் பொதுப் பெயரில் இருக்கக்கூடும். ஸ்பாம்ஹவுஸில் பதிவு செய்து, கேட்பது நீங்கள்தான் என்று காட்டும் டிக்யூஎஸ் சாவி வாங்கிக்கொள்ளுங்கள், குறைந்த பயன்பாட்டுக்கு இலவசம்தான். ஃபில்டரைச் சோதிக்கவென்றே உள்ள ஜிட்யூப் வரியை அனுப்பிப் பார்த்து "ஃபில்டர் வேலை செய்யுது" என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். ஃபில்டர் ஓடுகிறது என்பதை மட்டும்தான் அது காட்டும். டிஎன்எஸ் சோதனைகள் செத்துக் கிடந்தாலும் ஜிட்யூப் பிடிபடும்.

எங்கிருந்தோ பார்த்து எடுத்த பிளாக்லிஸ்ட் வரிசைகளையும் ஒருமுறை சரிபாருங்கள். ஓஆர்டிபி 2006 டிசம்பரில் மூடப்பட்ட பட்டியல். அப்போதும் பல சர்வர்கள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தன. 2008 மார்ச்சில் அது எந்த ஐபியைக் கேட்டாலும் 'இருக்கிறது' என்று பதில் சொல்லத் தொடங்கியதும், அந்த வரியை நீக்காதவர்களுக்கு மெயில் நின்றுபோனது. சார்ப்ஸ் என்ற பட்டியல் 2024 ஜூனில் மூடப்பட்டது. அதன் பெயர் உங்கள் கோப்பில் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

பழைய மெயில்களைக் காட்டி ஸ்பாம்அசாசினுக்குக் கற்றுக்கொடுக்கும் பேய்ஸ் பயிற்சி பற்றிச் சுருக்கமாக. 200 ஸ்பாம், 200 நல்ல மெயில் சேரும்வரை அது வாயே திறக்காது. ரூட்டாக இருந்து பயிற்சி கொடுத்தால் அது ரூட்டின் கணக்கில் போய்ச் சேரும், அமாவிஸ் தன் பயனரின் கணக்கைத்தான் பார்க்கும். ஃபில்டர் எந்தப் பயனராக ஓடுகிறதோ அந்தப் பயனராகவே பயிற்சி கொடுங்கள். ஸ்பாமை மட்டும் கொட்டாமல் நல்ல மெயிலையும் கொடுங்கள்.

எதை மாற்றினாலும் வேலை நேரத்தில், லாகைத் திறந்து வைத்துக்கொண்டு மாற்றுங்கள். புதிய பிளாக்லிஸ்ட் சேர்க்கும்போது அதற்கு முன்னால் வார்ன் இஃப் ரிஜெக்ட் என்று போட்டுச் சில நாள் விடுங்கள். மறுத்திருக்க வேண்டிய மெயில்கள் லாகில் மட்டும் பதிவாகும், மெயில் வந்துசேரும். பெரிய மாற்றமென்றால் சாஃப்ட் பவுன்ஸை ஆன் செய்யுங்கள். 5-ல் தொடங்கும் மறுப்புகள் 4-ஆக மாறி, அனுப்பிய சர்வர் மெயிலைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். அனுப்புவது போஸ்ட்ஃபிக்ஸாக இருந்தால் இயல்பாக 5 நாள்வரை முயலும். தவறைக் கண்டுபிடிக்க அந்த அவகாசம் போதும். எல்லாம் சரியென்று லாகில் பார்த்தபின் மறக்காமல் ஆஃப் செய்துவிடுங்கள்.