கருப்புப் பெட்டியா, பறப்புப் பதிவியா?

சேலத்திலிருந்து ஓமலூர் போகும் வழியில், கருப்பூரைத் தாண்டி காமலாபுரம் விமான நிலையத்துக்குத் திரும்பும் பக்கம் ஒரு டீக்கடை உண்டு. ஏ.டி.ஆர். என்ற சின்னப் பயணிகள் விமானம் இறங்கும் நேரம் பார்த்து அங்கே போய் நிற்பது எங்களில் சிலருக்கு வழக்கம். 2025 ஜூனில் அகமதாபாத் விபத்து நடந்த சில நாட்களில், கடைக்கார அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "கருப்புப் பொட்டி கெடச்சிருச்சாமே தம்பி? அதத் தொறந்தா எல்லாம் தெரிஞ்சிருங்களா?"

அவரைக் குறை சொல்ல முடியாது. கருப்புப் பெட்டி என்றால் யாருக்குமே பூட்டிய மர்மப் பெட்டிதான் நினைவுக்கு வரும். விமானம் பறக்கும்போது நடப்பதைப் பதிந்து வைக்கும் கருவி அது. உண்மையில் அது கருப்பாக இருப்பதில்லை. நல்ல ஏற்காட்டு ஆரஞ்சுப் பழத்தின் நிறம் அதற்கு. எரிந்து கரியான குவியலில் பளிச்சென்று கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே அந்த நிறம்.

சரி, இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படையினர், விமானத்துக்குள் புதிதாக வைக்கப்பட்ட ரேடார், வழிகாட்டிக் கருவிகளை அப்படி அழைத்தார்கள் என்பது பரவலான விளக்கம். கறுப்பு வண்ணம் பூசிய உறைக்குள் என்ன இருக்கிறது என்று பலருக்கும் தெரியாது, சொல்லவும் மாட்டார்கள். இன்னொரு விளக்கம் பிரான்ஸிலிருந்து வருகிறது. 1930களின் இறுதியில் பிரான்சுவா ஹுசெனோ என்பவர் விமானத்தின் வேகம், உயரம் முதலியவற்றைப் புகைப்படச் சுருளில் பதியும் கருவியைச் செய்தார். சுருளில் வெளிச்சம் படக் கூடாது. அதனால் பெட்டியின் உட்புறம் இருட்டாகவே இருக்க வேண்டும்.

பொறியியலில் இதே பெயருக்கு வேறொரு பொருள் நிலைத்துவிட்டது. உள்ளே போவதும் தெரியும், வெளியே வருவதும் தெரியும், நடுவில் நடப்பது மட்டும் தெரியாது. அப்படிப்பட்ட அமைப்பு கருப்புப் பெட்டி. செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்று இந்தப் பொருளில்தான் சொல்கிறார்கள், அங்கே அது பொருத்தம். விமானத்தில் இருப்பதோ நேர் எதிர். நடந்ததைச் சொல்வதற்காகவே செய்த கருவி அது. மறைக்கும் பொருளுக்கான பெயரை, நடந்ததைச் சொல்லும் கருவிக்குச் சூட்டிவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

இன்று நாம் அறியும் வடிவத்துக்கு வழி காட்டியவர் ஆஸ்திரேலிய அறிவியலாளர் டேவிட் வாரன். 1934இல் பாஸ் நீரிணைக்கு மேலே காணாமல் போன விமானத்தில் அவருடைய தந்தை இறந்தார். அப்போது வாரனுக்கு 9 வயது. 1950களின் தொடக்கத்தில் காமெட் ஜெட் விமானங்கள் அடுத்தடுத்து விழுந்தபோது, விசாரணைக் கூட்டங்களில் ஊகம்தான் மிஞ்சியது. கடைசி நிமிடங்களில் விமானிகள் பேசியது கையில் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தார் வாரன். அப்போது சந்தைக்கு வந்திருந்த கையடக்க ஒலிப்பதிவுக் கருவி ஒன்று அவர் மனதில் ஓடியது. அவர் செய்த முதல் மாதிரி மெல்லிய எஃகுக் கம்பியில் 4 மணி நேரப் பேச்சையும், கூடவே கருவிகளின் அளவுகளையும் பதிந்தது. சொந்த நாட்டில் முதலில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1960இல் மெக்காய் நகரருகே ஒரு விமானம் கடலில் விழுந்த பிறகுதான் நிலைமை மாறியது. விமானி அறைக் குரல் பதிவை முதன்முதலில் கட்டாயமாக்கிய நாடு ஆஸ்திரேலியா.

வழக்கமாக ஒரு விமானத்தில் இரண்டு கருவிகள் இருக்கும். ஒன்று வேகம், உயரம், திசை, எஞ்சின் நிலை என்று நூற்றுக்கணக்கான அளவுகளைக் குறைந்தது 25 மணி நேரத்துக்குப் பதிந்து வைக்கும். மற்றது விமானி அறைப் பேச்சையும், எச்சரிக்கை மணிகளையும், சுவிட்சு தட்டும் சத்தத்தையும்கூடப் பிடித்து வைக்கும். சேர்வராயன் மலையோரமாக வந்து காமலாபுரத்தில் இறங்கும் நம் சின்ன ஏ.டி.ஆரிலும் இந்த இரண்டும் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன.

நினைவகத்தைச் சுற்றியுள்ள உறை துருப்பிடிக்காத எஃகாலோ டைட்டேனியத்தாலோ ஆனது. உருக்காலை இருக்கும் ஊர்க்காரர்களுக்கு எஃகைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த உறைக்குள் வெப்பத்தைத் தடுக்கும் அடுக்கு ஒன்று இருக்கும். சேலத்துச் சுண்ணாம்புக்கரட்டில் வெட்டும் வெள்ளைக்கல் (மேக்னசைட்) உலைச் செங்கல்லாகி நெருப்பைத் தாங்குகிறதே, கிட்டத்தட்ட அதே வேலை. புவியீர்ப்பைப் போல் 3,400 மடங்கு மோதல், 1,100 டிகிரி செல்சியஸ் தீயில் 1 மணி நேரம், 6,000 மீட்டர் ஆழக் கடலின் அழுத்தம். இவ்வளவையும் தாங்கினால்தான் தேர்ச்சி. நீரில் விழுந்தால் 'டிக் டிக்' என்று ஒலிக்கும் சிறு கருவியும் கூடவே இருக்கும். 2009இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் விமானத்தில் அது 30 நாளில் ஓய்ந்துவிட்டது. ஏறத்தாழ 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து பதிவுகளை எடுக்க 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு 30 நாளை 90 நாளாக்கினார்கள்.

கடைக்கார அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். அகமதாபாத்தில் விழுந்த போயிங் 787இல் தரவும் குரலும் சேர்ந்தே பதியும் கருவிகள் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு இருந்தன. பின்பக்கக் கருவி மோசமாகச் சேதமடைந்திருந்தது. முன்பக்கத்திலிருந்து 49 மணி நேரத் தரவும் 2 மணி நேரக் குரலும் கிடைத்தன. எரிபொருள் சுவிட்சுகள் இரண்டும் அடுத்தடுத்து அணைப்பு நிலைக்குப் போனதும், ஏன் அணைத்தாய் என்று ஒரு விமானி கேட்டதும், நான் செய்யவில்லை என்று மற்றவர் சொன்னதும் முதற்கட்ட அறிக்கையில் வந்தன. கேட்டவர் யார், மறுத்தவர் யார் என்று அதில் இல்லை. அதற்குள் வாட்ஸப்பில் தீர்ப்பே எழுதி முடித்துவிட்டார்கள். இறந்துபோன விமானிகளின் வீடுகளிலும் அதைப் படித்திருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. தென்கொரியாவின் முவானில் 2024 டிசம்பர் 29 அன்று நடந்த விபத்தில் இன்னும் மோசம். மோதலுக்கு முந்தைய கடைசி 4 நிமிடங்கள் இரண்டு கருவிகளிலுமே பதிவாகவில்லை. பதிந்தது மட்டும்தான் கிடைக்கும். அதை உடைந்த பாகங்களோடும் பராமரிப்புக் கணக்கோடும் ஒப்பிட்டுப் பார்த்துக் காரணம் தேடுவது மனிதர்களின் வேலை.

அப்புறம், தமிழில் என்ன சொல்லலாம்? முதலில் எழுத்து. கருப்பா, கறுப்பா என்ற வழக்கு பழையது. கரும்பிலிருந்து வரும் கருப்பஞ்சாற்றில் இடையின ர. பஞ்சத்துக்கும் கருப்பு என்று பெயர் இருந்தது. நிறத்துக்குக் கறுப்பு என்று எழுதுவதே துல்லியம் என்பார்கள் இலக்கண ஆசிரியர்கள். செய்தித்தாள்களில் இரண்டும் நடமாடுகின்றன. ஆரஞ்சு நிறக் கருவிக்கு இந்த வழக்கே தேவையில்லை என்பது என் கட்சி.

மண்ணை வெட்டுவது மண்வெட்டி, வாழப்பாடிப் பாக்கை வெட்டுவது பாக்குவெட்டி, தொலைவிலிருந்து பேச உதவுவது தொலைபேசி. அதே வரிசையில், பதிவது பதிவி. எதைப் பதிகிறது? பறப்பை. ஆகவே பறப்புப் பதிவி. தனித்தனியாகச் சொல்ல வேண்டுமானால் பறப்புத் தரவுப் பதிவி, விமானி அறைக் குரல் பதிவி. விமானப் பதிவி என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. விமானப் பதிவு என்றால் வாலருகே எழுதியிருக்கும் வி.டி. என்று தொடங்கும் எண்தான் நினைவுக்கு வருகிறது, வண்டிப் பதிவு மாதிரி. பதிவேடு என்பதும் சரிவராது, விமானி கையால் எழுதும் ஏட்டுக்கு அது வேண்டும்.

பறப்புப் பதிவி வாயில் நுழையுமா என்று கேட்கலாம். ஒலிபெருக்கி நுழைந்த வாய்தானே இது. இன்னொன்றும் உண்டு. அந்தக் கருவியின் மேல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பெரிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். இரண்டிலும் கறுப்பும் இல்லை, பெட்டியும் இல்லை. தமிழில் அப்படியே எழுதினால் இப்படித்தான் வரும்: பறப்புப் பதிவி, திறக்காதீர்.