முப்பதாயிரம் ரூபாய் கீபோர்டும் முழங்கை நரம்பும்

கைக்கு உடற்பயிற்சிச் சிகிச்சை தருகிற என்னிடம் அந்த மாதத்தில் வந்த நான்காவது கீபோர்டு அது. முதல் மூன்று பேரும் போனில் படம் காட்டினார்கள். கொடுங்கையூரிலிருந்து வந்த இந்தத் தம்பி பையில் போட்டு நேரிலேயே கொண்டுவந்துவிட்டார். கூட வந்த அம்மா உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தார்: "நீயே பாரும்மா. முப்பதாயிரம் குடுத்து ரெண்டா உடைஞ்ச கீபோர்ட வாங்கினு வந்துக்கிறான்."

உடைந்தது இல்லை. இடது கைக்கு ஒரு பாதி, வலது கைக்கு ஒரு பாதி என்று பிரித்தே செய்யப்பட்ட ஸ்பிளிட் கீபோர்டு. நல்ல பொருள்தான். தம்பிக்கு 28 வயது. ஓஎம்ஆரில் புரோகிராமர் வேலை, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து. ஆறு மாதமாக இடது கை மதமதப்பு. இணையத்தில் தேடி, கார்ப்பல் டனல் (மணிக்கட்டில் இருக்கும் குகைபோன்ற வழியில் நரம்பு நசுங்குவது) என்று தானே முடிவு செய்து, மெடிக்கலில் ஒரு மணிக்கட்டுப் பட்டை வாங்கி இரண்டு மாதம் கட்டியிருக்கிறார். அப்புறம் இந்தக் கீபோர்டு. அதிலும் குறையாததால் எழுத்து வரிசையையே கோல்மாக் லேஅவுட்டுக்கு மாற்றி ஐந்து வாரம் ஆகிறது. "எல்லாம் மாத்திட்டேன் மேடம், மதமதப்பு மட்டும் போகல."

எந்த விரல் என்று கேட்டேன். கை முழுக்க என்றார். எல்லோரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள். கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு விரல் நுனியாகப் பஞ்சால் தொட்டுக்கொண்டு வந்தேன். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் எல்லாம் சரியாக இருந்தன. சுண்டுவிரலிலும், மோதிர விரலின் சுண்டுவிரல் பக்கத்துப் பாதியிலும்தான் "என்னமோ துணிக்கு மேல தொடுற மாதிரி இருக்கு" என்றார்.

கார்ப்பல் டனலில் சுண்டுவிரல் மரத்துப்போகாது. அந்தக் குகை வழியாகப் போகும் மீடியன் நரம்பு கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி, அவ்வளவோடு நின்றுவிடும். சுண்டுவிரல் அல்நார் நரம்பின் கணக்கு. பஸ் ஜன்னல் கம்பியில் முழங்கையை இடித்துக்கொண்டால் ஷாக் அடித்தமாதிரி ஓடுமே, அந்த நரம்புதான். அது நசுங்குகிற இடம் பெரும்பாலும் முழங்கை. முழங்கைக்கு வந்த கோளாறுக்கு மணிக்கட்டில் பட்டை கட்டினால் என்ன ஆகும்? பட்டைதான் அழுக்காகும்.

சரி, வீட்டில் உட்காருகிற மாதிரியே தட்டிக் காட்டுங்கள் என்றேன். கீபோர்டின் இரண்டு பாதிகளையும் எடுத்து, இடைவெளியே இல்லாமல் ஒட்டி வைத்தார்! முப்பதாயிரம் கொடுத்ததே தள்ளி வைப்பதற்குத்தானே என்றால், வீட்டில் இடம் இல்லையாம். மேசை, அம்மாவின் தையல் மெஷின் மேசை. மெஷினை உள்ளே மடக்கிவிட்டு, பின்னால் லேப்டாப், முன்னால் கீபோர்டு. கீழே மிதிபலகையும் இரும்புச் சட்டமும் இருப்பதால் முட்டி உள்ளே போகாது. ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, இடது முழங்கையை மேசையின் ஓரத்தில் ஊன்றிக்கொள்வார். ஊன்றிய இடத்தில் தோல் கறுத்துக் காய்த்தே போயிருந்தது. இரண்டு பாதிகளின் நடுப்பக்கத்தை உயர்த்தி நிறுத்தும் கால்கள் பிளாஸ்டிக் கவரோடு அப்படியே பையில் கிடந்தன.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அந்தத் தம்பி மேல் இல்லை. "லேஅவுட் மாத்தினா கை வலி போயிடும்" என்று ஊர்பூராவும் சொல்லித் திரிகிறார்களே, அவர்கள் மேல்.

லேஅவுட் என்பது எந்த எழுத்து எந்தக் கட்டையில் இருக்கிறது என்பது மட்டும். சமையலறையில் மிளகாய்த்தூள் டப்பாவை மேல்தட்டிலிருந்து கைக்கெட்டும் தட்டுக்கு மாற்றுவது போல. எட்டி எட்டி எடுப்பது குறையும், நல்லதுதான். ஆனால் அடுப்பு மேடையே தோள் உயரத்துக்கு இருந்தால் டப்பாவை எங்கே வைத்தாலும் தோள் வலிக்கத்தான் செய்யும். லேஅவுட் விரல் ஓடும் தூரத்தைக் குறைக்கும். மணிக்கட்டு எந்தக் கோணத்தில் மடங்கியிருக்கிறது, முழங்கை எதன்மேல் அழுந்துகிறது, கழுத்து எவ்வளவு தொங்குகிறது, எழுந்திருக்காமல் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள், இதில் ஒன்றையும் அது தொடாது. ஒன்றையும்!

நாம் எல்லோரும் தட்டுகிற குவெர்ட்டி, 1870-களில் ஷோல்ஸ் என்பவர் தட்டச்சுப் பொறிக்காக அமைத்தது. விரல் நோகுமா என்று பார்த்துச் செய்ததல்ல. அதனால் ஆகஸ்ட் ட்வோராக்கும் அவர் மைத்துனர் டீலியும் ஆங்கில உயிரெழுத்துகளை எல்லாம் இடது கையின் நடுவரிசையில் வைத்து ஒரு லேஅவுட் செய்து 1936-இல் காப்புரிமை வாங்கினார்கள். 2006-இல் வந்த கோல்மாக், குவெர்ட்டியில் 17 கட்டைகளை மட்டும் இடம் மாற்றுகிறது. நம்முடைய தமிழ் லேஅவுட்டான தமிழ்99-கூட அதே யோசனைதான்: உயிர் இடது கையில், மெய் வலது கையில், இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்யும். எல்லாமே புத்திசாலித்தனமான வேலை. எதுவும் மருந்து இல்லை.

அதிலும் புரோகிராமர்களின் கையைக் கெடுப்பது எழுத்துகளே இல்லை. சுருள் அடைப்பு, செமிகோலன், அடிக்கோடு, என்டர், பேக்ஸ்பேஸ், ஷிஃப்ட், எல்லாவற்றுக்கும் மேல் கண்ட்ரோல். இவற்றில் பாதிக்கு மேல் சுண்டுவிரல் தலையில்தான் விழுகிறது. கோல்மாக்கில் செமிகோலன் ஒரு வரிசை மேலே போகிறது, அதே சுண்டுவிரலுக்குத்தான். சுருள் அடைப்பு பழைய மூலையிலேயே இருக்கிறது. ஐந்து வாரம் உயிரைக் கொடுத்துப் படித்தவருக்கு இதைச் சொன்னபோது முகம் விழுந்துவிட்டது.

"ஆனா மேடம், முதல் ரெண்டு வாரம் நல்லா இருந்துச்சே" என்றார். இருக்கும். புது லேஅவுட்டில் ஒரு வரியைத் தட்டி முடிக்கவே தட்டுத் தடுமாறினீர்கள், கைக்கு ஓய்வு கிடைத்தது. பழைய வேகம் திரும்பியதும் வலியும் திரும்பியது. நான் பார்த்தவரை பாதிப் பேருக்கு நடப்பது இதுதான்.

நான் படித்த காலத்தில் பெரம்பூரில் மாடிக்கு மாடி டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். லோயர், ஹையர் பாஸ் செய்யாத பெண்ணே கிடையாது. மணிக்கட்டு மெஷின்மேல் படிந்தால் ஸ்கேலால் ஒரு தட்டு விழும். அது மட்டுமில்லை, ஒவ்வொரு வரிக்கும் கையை எடுத்து உருளையைத் தள்ள வேண்டும், பக்கம் முடிந்தால் தாளை மாற்ற வேண்டும். நம்மை அறியாமலே கைக்கு மாற்று வேலை கிடைத்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு ஒருவர் காலை பத்து மணிக்குக் கையை வைத்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எடுக்கிறார்.

அப்படியானால் ஸ்பிளிட் கீபோர்டு வீணா? இல்லை. சாதாரணக் கீபோர்டில் இரண்டு கையையும் நடுவில் குவித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் ஒடித்து வைக்கிறோம். பிரித்துத் தோள் அகலத்துக்கு வைத்தால் அந்த ஒடிப்பு போய்விடும். நடுப்பக்கத்தைக் கூடாரம்போல் உயர்த்தினால் முன்கை முறுக்கிக்கொள்வதும் குறையும். தள்ளி வைக்க வேண்டும், உயர்த்த வேண்டும், அவ்வளவுதான். ஒட்டி வைத்தால் அது முப்பதாயிரம் ரூபாய் சாதாரணக் கீபோர்டு.

வாங்காமலே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கீபோர்டின் பின்பக்கத்தில் இரண்டு சின்னக் கால் இருக்கும், அதை இப்போதே மடக்குங்கள். அது நிமிர்ந்தால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். கேப்ஸ் லாக்கை கண்ட்ரோலாக மாற்றிக்கொள்ளுங்கள், காசு செலவில்லை, இடது சுண்டுவிரல் உங்களுக்குக் கோயில் கட்டும். கீபோர்டுக்கு முன்னால் போடுகிற ஜெல் அட்டை, தட்டும்போது மணிக்கட்டை அழுத்தி வைக்க அல்ல, தட்டாத நேரத்தில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைக்க. மெக்கானிக்கல் கீபோர்டு வைத்திருக்கிறவர்களே, நான்கு மில்லிமீட்டர் இறங்கும் கட்டை இரண்டிலேயே எழுத்தைப் போட்டுவிடும். அடிவரை போய் ஆணி அடிக்கிற மாதிரி ஏன் அடிக்கிறீர்கள்?

லேப்டாப்பை மடியில் வைத்து எட்டு மணி நேரம் வேலை பார்க்கவே கூடாது. திரையும் கீபோர்டும் ஒட்டியிருக்கும்வரை ஒன்று கழுத்து கெடும், இல்லையென்றால் கை கெடும். நான்கு தடிப் புத்தகத்தின் மேல் லேப்டாப்பை ஏற்றிவிட்டு, ஐந்நூறு ரூபாய் கீபோர்டு ஒன்றைத் தனியாகச் செருகுங்கள். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து போய்த் தண்ணீர் குடியுங்கள். அலாரம் வைத்தாவது எழுந்திருங்கள். இதைச் சொல்லும்போதே "மீட்டிங் இருக்கும் மேடம்" என்பார்கள். மீட்டிங்கில் நின்றுகொண்டு பேசினால் யார் கேட்கப்போகிறார்கள்?

இன்னொரு விஷயம், நம் வடசென்னைப் பக்கத்துக்கே உரியது. கீபோர்டை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். தண்டையார்பேட்டையிலிருந்து சோழிங்கநல்லூர் வரை பைக்கில் போய்வருகிறவரின் கை, கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்பே ஒரு மணி நேரம் கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்து விட்டிருக்கிறது, அதுவும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில். ராத்திரி கேரம். வியாசர்பாடியும் வண்ணாரப்பேட்டையும் உலக சாம்பியன்களைக் கொடுத்த மண், விளையாடாதே என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் விரல் வீங்கியிருக்கும்போது இரண்டு மணி நேரம் ஸ்டிரைக்கர் சுண்டிவிட்டு காலையில் கீபோர்டைத் திட்டாதீர்கள். படுத்துக்கொண்டு முழங்கையை மடக்கி போன் பார்க்கிறீர்களே, அது அல்நார் நரம்பைப் பிடித்து இழுத்து வைக்கிறது. இந்தத் தம்பிக்குப் பாதிக் காரணம் மேசை ஓரம், மீதிப் பாதி அந்த போன்.

கெஞ்சிக் கேட்கிறேன், மதமதப்பை மட்டும் இணையத்தில் தேடித் தீர்க்காதீர்கள். சர்க்கரை, தைராய்டு, பி12 குறைவு, கர்ப்பம், கழுத்து நரம்பு என எதில் வேண்டுமானாலும் கை மரக்கும். ராத்திரி மரத்துப்போய்த் தூக்கம் கலைந்து கையை உதறுகிறீர்களா, டம்ளர் நழுவுகிறதா, சட்டைப் பட்டன் போடத் தடுமாறுகிறீர்களா, கட்டைவிரல் அடிச்சதை வற்றியிருக்கிறதா, உடனே டாக்டரிடம் போங்கள். சதை வற்றிய பிறகு என்னிடம் வந்தால் உடற்பயிற்சியால் நான் மீட்டுத் தருவது கொஞ்சம்தான். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனித்துறை இருக்கிறது. பேராசிரியர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த துறை. எங்கெங்கிருந்தோ அங்கே வருகிறார்கள், பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிற நாம் ஆன்லைனில் பட்டை தேடுகிறோம்.

தம்பியை நரம்புச் சோதனைக்கு அனுப்பினேன். முழங்கையில்தான் கோளாறு என்று வந்தது, நல்லவேளை ஆரம்ப நிலை. ராத்திரி முழங்கை மடங்காமல் இருக்கத் துண்டைச் சுற்றிக்கொண்டு தூங்கச் சொன்னேன். வீட்டில் கிடந்த பழைய கதவுப் பலகையை இரண்டு ஸ்டாண்டின்மேல் போட்டு மேசையாக்கி, கீபோர்டைப் பிரித்து வைத்திருக்கிறார், படம் அனுப்பினார். கோல்மாக்கை விடவில்லை, படித்ததை விட மனசில்லையாம். வைத்துக்கொள்ளட்டும். ஆறு வாரம் கழித்துப் பஞ்சால் தொட்டபோது மோதிர விரல் தெளிந்திருந்தது. சுண்டுவிரல் நுனியில் மட்டும் இன்னும் துணி இருக்கிறது என்றார். அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். அம்மா வரமாட்டாராம், தை மாதத்து ஜாக்கெட்டுகள் குவிந்துகிடக்கின்றனவாம்.