அழைப்பாளர் அல்ல, ஆட்டஞ்சொல்லி

அமெரிக்க ஊர்களின் சதுர ஆட்ட (square dance) கிளப்புகளைப் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் ‘அழைப்பாளர்’ வந்துவிடுகிறார். ‘அழைப்பாளர் வராததால் அன்று ஆட்டம் நின்றது’ என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்? அழைப்பிதழ் கொடுக்கிறவரைக் காணோம் போலிருக்கிறது என்றுதான்.

அந்த ஆள் யாரையும் அழைப்பதில்லை. நான்கு ஜோடிகள், ஆக எட்டுப் பேர், சதுரத்தின் நான்கு பக்கமும் நிற்பார்கள். அடுத்து என்ன ஆட வேண்டும் என்பதைத் தாளம் தப்பாமல் ஒருவர் மைக்கில் சொல்லிக்கொண்டே போவார். ஆங்கிலத்தில் அவர்தான் காலர் (caller). ‘call’ என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம், ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியிலுள்ள ‘கல்லா’. உரக்கக் கூவு என்று பொருள். ஆட்டத்தின் வேர் பிரான்சின் குவாட்ரில், இங்கிலாந்தின் நாட்டுப்புற ஆட்டம் இவற்றில் இருக்கிறது. ஆனால் ஒருவர் சொல்லச் சொல்ல ஆடுவது அமெரிக்காவில் வேர்விட்ட வழக்கம். பிடில் வாசித்த கறுப்பினக் கலைஞர்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

கிளப்புகளின் கதையே இவரைச் சுற்றித்தான் நடக்கிறது. கொலராடோ ஸ்பிரிங்ஸில் லாயிட் ஷா என்ற கல்வியாளர் கோடை வகுப்பு வைத்துக் காலர்களைப் பழக்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஒலிபெருக்கியும் இசைத்தட்டும் கைக்கு எட்டியதும் ஊர் ஊராகக் கிளப்புகள் முளைத்தன. வாத்தியக்காரர்கள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு காலரும் ஒரு பள்ளிக்கூடக் கூடமும் போதும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடம் எடுத்ததும் பெரும்பாலும் அவரே. ஆட்டச் சொற்கள் பெருகிக்கொண்டே போனதால் அவற்றைப் படிப்படியாக வகுக்கக் காலர்களே ஓர் அமைப்பு கண்டார்கள். 1974இல் முதல் மாநாடு நடத்திய அந்த அமைப்பின் பெயர் காலர்லாப். இதை ‘அழைப்பாளர் ஆய்வகம்’ என்று பெயர்த்தால் தொலைபேசி சோதிக்கும் இடம் என்றல்லவா தோன்றும்?

பழைய தமிழில் அழைத்தலுக்குக் கூவுதல் என்ற பொருளும் உண்டே என்று வாதிடுகிறார்கள். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இன்றைய காதுக்கு அது மாப்பிள்ளை அழைப்பும் செல்பேசி அழைப்பும்தான். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து, வாலில் ‘ஆளர்’ ஒட்டிவிட்டால் மொழிபெயர்ப்பு முடிந்தது என்கிற பழக்கம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒருங்கிணைப்பாளர், தொகுப்பாளர், இப்போது அழைப்பாளர். அந்த ஆள் அங்கே என்ன வேலை செய்கிறார் என்று ஒரு நிமிடம் பார்த்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

‘நட்டுவனார்’ என்று சொல்லலாமே என்றார் நண்பர் ஒருவர். அழகான சொல், நெருங்கியும் வருகிறது. ஆனால் நட்டுவனார் ஜதி சொல்லும்போது ஆடுபவருக்கு அடுத்த அடவு முன்பே தெரியும். கிளப்பில் ஆடுகிறவர்களுக்கு அடுத்த அசைவு காதில் விழும்வரை தெரியாது. ‘கட்டளையாளர்’ என்றால் படைமுகாம் வாடை. ‘காலர்’ என்று அப்படியே விட்டால் சட்டைக் கழுத்து.

சரி, என்ன சொல்லலாம்? கதை சொல்பவரைக் கதைசொல்லி என்கிறோம், குறி சொல்பவரைக் குறிசொல்லி. அதே வழியில் ‘ஆட்டஞ்சொல்லி’. ஆண் பெண் இருவருக்கும் பொருந்தும். ஆட்டத்தின் பெயரையும் ‘சதுர ஆட்டம்’ என்று பிரித்தே எழுதுங்கள். ‘சதுராட்டம்’ என்று சேர்த்தால் நம் சதிராட்டத்தோடு குழம்பிவிடும். ‘டோசிடோ’ (இருவர் முதுகோடு முதுகாக ஒருவரையொருவர் சுற்றிவருவது) போன்ற ஆட்டச் சொற்களைப் பெயர்க்கவே வேண்டாம். ஜப்பானியரும் ஜெர்மானியரும் தங்கள் கிளப்புகளில் அவற்றை ஆங்கிலத்திலேயே கேட்டு ஆடுகிறார்கள்.