பந்தும் ஆப்பிளும் வேண்டாம், வெங்காயத்தைப் பற்றிக் கதைப்பம்

பாரிசவாதம் வந்து பேச்சுத் தடைப்பட்ட ஆக்களுக்கு நான் தெரப்பி குடுக்கத் தொடங்கின காலத்தில என்ட பையில இருந்ததெல்லாம் படக் கார்ட்தான், பந்து, பூனை, ஆப்பிள். யாழ்ப்பாணத்தில கோப்பாய்ப் பக்கத்து வெங்காயத் தோட்டக்காரர் ஒருத்தர் (ஆளைத் தெரியாத மாதிரி மாத்தித்தான் எழுதுறன்), வலக்கை வழங்காது, இடக்கையால கார்டைத் தள்ளிவிட்டிட்டு முகத்தைத் திருப்பிட்டார். மகள் "அப்பா, மிஸ் கேக்கிறா, சொல்லுங்கோவன்" எண்டு கெஞ்சுறா. எனக்கு வெக்கமாப் போச்சு, தோட்டம் செய்தே பிள்ளையளைக் கம்பஸ் மட்டும் படிப்பிச்ச மனுசனிட்ட இது என்ன, பந்தா எண்டு கேட்டா அவர் வேற என்ன செய்வார்.

அடுத்த முறை ஒரு விவசாய ஆபீசர் வெங்காயச் செய்கையைப் பற்றிப் பேசின பதிவைப் போன்ல கொண்டு போனன். ரெண்டு நிமிசம்தான். எத்தனை நாளைக்கொருக்கா தண்ணி விடோணும் எண்டு அவர் சொன்ன உடன ஐயா மேசையில ஒரு தட்டு, "பிழை!" ரெண்டு மாசத்தில ஆரும் கேக்காமலே அவர் சொன்ன முதல் சொல்லு. பிறகு "தண்ணி... தண்ணி... கூட" எண்டார்.

1861இல பிரான்ஸில புரோக்கா எண்ட டொக்டர் பார்த்த ஒருத்தருக்கு "டான்" எண்டதைத் தவிர ஒண்டும் வராது, ஆனா மற்றவை சொல்லுறது அனேகமா விளங்கும், கோவம் வந்தா ஒரு திட்டும் வருமாம். திட்டு தானா வாறது வேற, கேட்டு யோசிச்சு "பிழை" எண்டு சொல்லுறது வேற. இடப்பக்க மூளையில அடிபட்டது பேச்சுத்தான், அறிவு போகேல்ல, இதைச் சொந்தக்காரரே மறந்துபோயிடினம்.

அதால தெரப்பிக்குப் போடுற பேச்சுப் பதிவைத் தெரிவு செய்யேக்க அவருக்கு அபிப்பிராயம் இருக்கிற விசயமா எடுங்கோ. கோயில் ஆக்களுக்குப் பிரசங்கம், ரீச்சர்மாருக்குப் பட்டிமன்றம். இன்ரநெற்றில வாற டெட் (TED) மேடைப் பேச்சு 18 நிமிசத்துக்குள்ள முடியும் எண்டாலும் எங்கட ஆக்களுக்கு அதுவே நீளம், ரெண்டு நிமிசத் துண்டு காணும். போட முதல் அதில வாற நாலைஞ்சு சொல்லைப் பேப்பரில பெரிசா எழுதிக் காட்டுங்கோ. ஓடேக்க இடையில நிப்பாட்டி முதல் ஓம் இல்லை கேள்வி, பிறகு "மழையா வெயிலா" மாதிரி ரெண்டில ஒண்டு, கடைசியாத்தான் "நீங்களெண்டா என்ன செய்வியள்". சொல்லு வராட்டி முதல் எழுத்தைச் சொல்லிக் குடுத்து கொஞ்சம் பொறுங்கோ, பத்து செக்கன் பார்த்துக்கொண்டிருக்கிறது கஷ்டம்தான், எனக்கும் கஷ்டம். பதிவின்ட நன்மையே அதுதான், திருப்பித் திருப்பிப் போட்டாலும் பேசுறவருக்கு அலுப்பு வராது, 0.75 வேகத்தில விட்டா தமிழ்நாட்டுக்காரரின்ட கடுகதிப் பேச்சும் பிடிபடும்.

சிலருக்கு வலப்பக்கப் பார்வையும் போயிருக்கும், போனை இடப்பக்கமா வையுங்கோ. காது கேக்குதோ எண்டும் ஒருக்கா செக் பண்ணுங்கோ, விளங்கேல்ல எண்டு நாங்கள் நினைக்கிற சில பேருக்கு உண்மையில கேக்கிறதே இல்லை. வீட்டில போட்டுவிட்டிட்டு எல்லாரும் சமைக்கப் போறது தெரப்பி இல்லை, அது வெறும் ரீவிதான். சுத்தி நிண்டு சோதனை எடுக்கிறதும் கூடாது, மருமகப்பிள்ளையளுக்கு முன்னால பிழை விட ஆர் விரும்புவினம்?

போன கிழமை ஐயா வந்தவர், நான் போனை எடுக்க முதலே கையைக் காட்டி "வேற" எண்டார். அந்த ஆபீசரின்ட பேச்சு அலுத்துப் போச்சாம்.